அமெரிக்கா 11,000 பேரின் கட்டியைப் படித்துவிட்டது, நமக்குத் தனி அட்லஸ் எதற்கு?

ஈரோட்டு வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி ‘பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ்’ என்று ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது. 480 மார்பகப் புற்றுநோயாளிகள், ஆளுக்குக் கட்டி ஒன்று, நல்ல திசு ஒன்று, ஆக 960 எக்ஸோம் (மொத்த மரபணு வரிசையான ஜீனோமில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி மட்டும்). வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பெண் எழுந்து, “சார், அமெரிக்காவில் 11,000 பேருக்கு மேல் செய்து இணையத்திலேயே போட்டிருக்கிறார்களாமே, மரபணு எல்லா மனிதனுக்கும் ஒன்றுதானே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இங்கே இந்தத் துறையில் இருப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு என்று தெரியும். கொஞ்சம் விளக்குங்களேன்.

குறுந்தரவு

வணக்கம் சார். நான் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் ஆள், அதாவது மரபணுத் தரவைக் கணினியில் அலசுகிறவன், தினமும் அந்த அமெரிக்கத் தரவில்தான் கிடக்கிறேன். அதனால் முதலில் அதைப் பற்றி.

தி கேன்சர் ஜீனோம் அட்லஸ், எல்லோரும் டிசிஜிஏ என்பார்கள். 2005 டிசம்பரில் அறிவிப்பு, 2006இல் முன்னோட்டம். அவர்களுடைய தேசியப் புற்றுநோய் நிறுவனமும் தேசிய மனித ஜீனோம் ஆய்வு நிறுவனமும் ஆளுக்கு 5 கோடி டாலர் போட்டார்கள். மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா, ஒருவகை நுரையீரல் புற்று, சினைப்பைப் புற்று என்று மூன்றில் தொடங்கி, கடைசியில் 33 வகைகளுக்குப் போனார்கள். 2018இல் மொத்தத்தையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டு முடித்தார்கள். தரவு மட்டும் 2.5 பெட்டாபைட்.

உங்கள் மாணவி சொல்வதில் பாதி சரி. கட்டி எப்படி வளர்கிறது என்ற அடிப்படை எந்த ஊரானுக்கும் ஒன்றுதான். டிபி53 மரபணு கெட்டால் சிகாகோவில் இருந்தாலும் சிக்கல், சிவகாசியில் இருந்தாலும் சிக்கல். ஆனால் எந்த மரபணு, எத்தனை பேரிடம், எந்தக் காரணத்தால் கெடுகிறது என்ற கணக்கு ஊருக்கு ஊர் மாறும். டிசிஜிஏவில் இருப்பவர்களில் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையர்கள், ஆசியர்கள் மிகச் சொற்பம். அதிலும் இந்தியர்கள் எத்தனை பேர் என்று தேடப் போனால் பூதக்கண்ணாடி வேண்டும்.

இதற்கு நம்மிடம் ஐஐடிக்கு முன்பே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. செய்தித்தாள்கள் ஏனோ மறந்துவிட்டன.

2008இல் சர்வதேசப் புற்றுநோய் ஜீனோம் கூட்டமைப்பு என்று ஒன்று தொடங்கியது. ஐசிஜிசி. ஒவ்வொரு நாடும் தன் ஊரில் அதிகமாக இருக்கும் புற்றையோ, தன்னால் நன்றாகச் செய்ய முடிகிற புற்றையோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் கல்லீரலை எடுத்தது, சீனா இரைப்பை, ஆஸ்திரேலியாவும் கனடாவும் கணையம், ஸ்பெயின் ஒருவகை ரத்தப் புற்று, ஜெர்மனி குழந்தைகளின் மூளைக்கட்டி. இந்தியா எடுத்தது ஈறும் கன்னத்தின் உட்புறமும் சேரும் இடத்தில் வருகிற வாய்ப்புற்று. புகையிலையை மென்று அடக்கி வைக்கிற அதே இடம்தான். மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பணம். மேற்கு வங்கம் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ ஜீனோமிக்ஸ் நிறுவனத்தில் பார்த்தா மஜும்தார், நவி மும்பையில் டாட்டா மெமோரியலின் ஆக்ட்ரெக் மையத்தில் ராஜீவ் சரின், இவர்கள் தலைமையில் நடந்தது. 2013இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் முதல் கட்டுரை.

அதில் வந்தது என்ன? டிபி53, ஃபேட்1, காஸ்ப்8, நாட்ச்1 என்று எல்லா ஊர்த் தலை, கழுத்துப் புற்றிலும் வருகிற பெயர்கள் இங்கேயும் வந்தன. கூடவே யுஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, ஏஆர்ஐடி2, யுஎன்சி13சி, டிஆர்பிஎம்3 என்று ஐந்து, இந்த இடத்துப் புற்றில் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறவை. டிசிஜிஏ தலை, கழுத்துப் புற்றில் 279 பேரைப் படித்து 2015இல் கட்டுரை போட்டது. அங்கே சிகரெட்டும் எச்பிவி வைரஸும்தான் பெரிய கதை. மெல்லும் புகையிலை அவர்கள் கேள்வியே இல்லை. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுகளில் வாய்ப்புற்றுதான் முதலிடம். இதை அவர்கள் வந்து நமக்குச் செய்து தர மாட்டார்கள்.

சந்தேகப் பிராணி

குறுந்தரவு அண்ணே, கதை நன்றாக இருக்கிறது. இரண்டு கேள்வி.

ஒன்று, அந்த 2013 கட்டுரையில் எத்தனை நோயாளிகள்? எனக்கு ஞாபகம் இருப்பது 50 பேருக்கு முழு எக்ஸோம், இன்னொரு 60 பேரிடம் சரிபார்ப்பு. ஐசிஜிசியின் இலக்கு ஒரு வகைக்கு 500 கட்டி. நூறில் மூன்று பேரிடம் மட்டும் இருக்கும் மாற்றத்தையும் பிடிக்க அத்தனை வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. 50 பேரில் அது ஒருவரிடமோ இருவரிடமோ தலைகாட்டும், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட்டுப் போவோம். பிறகு ‘தேசிய’ ஆய்வு என்று எதற்குப் பெயர்?

இரண்டு, டிசிஜிஏவே எத்தனை உயிரைக் காப்பாற்றியது? 37.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2005இலேயே ஸ்டீபன் எலட்ஜ், கிரகரி ஹானன் என்ற மரபணு ஆய்வாளர்கள் இருவரும் சயன்ஸ் இதழில் கடிதம் எழுதி, இந்தப் பணத்தை இப்படி ஒரே பெரிய திட்டத்தில் கொட்டாதீர்கள் என்றார்கள். அவர்கள் ஒன்றும் சாதாரண ஆட்கள் இல்லை.

குறுந்தரவு

முதல் கேள்விக்கு மறுப்பே இல்லை. தொடக்கம் சின்னதுதான்.

இரண்டாவதற்குக் கொஞ்சம் நீளமான பதில். உங்கள் கட்சிக்கு நானே சாட்சி சொல்கிறேன், அப்புறம் என் பக்கம்.

மருந்து என்று பார்த்தால் டிசிஜிஏவுக்கு முன்பே பிரிட்டனின் சாங்கர் நிறுவனம் அடித்துவிட்டது. அவர்களுடைய கேன்சர் ஜீனோம் திட்டம் 2002இல் மெலனோமா தோல் புற்றில் பிராஃப் மரபணு மாற்றத்தைக் கண்டது. 2011இல் வெமுராஃபெனிப் மாத்திரை வந்துவிட்டது.

இன்னும் சுவையான கதை மூளைக்கட்டியில். 2008இல் டிசிஜிஏவின் முதல் பெரிய கட்டுரை கிளியோபிளாஸ்டோமாவில் வந்தது. 206 கட்டிகள் சேகரித்து, அதில் 91இல் மரபணு வரிசை படித்தார்கள். ஆனால் எல்லா மரபணுவையும் படிக்கவில்லை, புற்றோடு தொடர்பு இருக்கும் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்த 601 மட்டும். அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வெறும் 22 கட்டிகளை எடுத்து 20,000க்கு மேற்பட்ட மரபணுக்களைப் படித்தது. ஐடிஎச்1 மாற்றத்தைக் கண்டது அவர்கள். அது அந்த 601 பட்டியலிலேயே இல்லை. உடம்பின் சர்க்கரை எரிப்பு வேலையில் இருக்கும் ஒரு நொதி புற்றுக்குக் காரணமாகும் என்று யார் நினைத்தார்கள்? சின்னக் குழு, சின்ன எண்ணிக்கை, பெரிய கண்டுபிடிப்பு.

இப்போது என் பக்கம். ஐடிஎச்1 கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? அந்த மாற்றம் இருக்கிற கட்டியும் இல்லாத கட்டியும் ஒரே நோயா, யார் அதிக நாள் இருக்கிறார்கள், கூடவே வேறு என்ன கெட்டிருக்கிறது, இதையெல்லாம் 22 பேரை வைத்துச் சொல்ல முடியாது. டிசிஜிஏ 2015இல் தீவிரம் குறைந்த கிளியோமாக்களில் (கிளியோபிளாஸ்டோமாவும் சேர்ந்த மூளைக்கட்டிக் குடும்பம்) செய்த ஆய்வு அதைத்தான் தெளிவாக்கியது. 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் ஐடிஎச் மாற்றம் இருந்தால் அந்தக் கட்டிக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரே கிடையாது. 2024 ஆகஸ்டில் வோராசிடெனிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி, ஐடிஎச் மாற்றம் உள்ள கிளியோமாவுக்கு. கண்டுபிடித்தவன் ஒருவன், பங்கு பிரித்து வரைபடம் போட்டவன் இன்னொருவன். வரைபடத்துக்குப் பெரிய எண்ணிக்கை வேண்டும். அதற்குத் தேசிய அளவில் காசும் ஆளும் வேண்டும்.

ஓபிடி நாலாம் நம்பர்

புற்றுநோய் மருத்துவர். இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

டிசிஜிஏ எனக்கு என்ன தந்தது என்று கேட்டால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றைச் சொல்வேன். முன்பெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிப்போம். 2013இல் டிசிஜிஏ அதை மரபணு அடிப்படையில் நான்காகப் பிரித்தது. அதில் ஒரு பிரிவு போல்-ஈ என்ற மரபணு கெட்டவர்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தரம் மூன்று என்று எழுதுவோம், கடும் சிகிச்சைக்குத் தயாராவோம். ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் நன்றாகப் பிழைத்துக்கொள்கிறார்கள். பெண்நோய் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோவின் 2023 நிலைப் பிரிப்பில் இது ஏறிவிட்டது. ஒரு பெண்ணுக்குத் தேவையில்லாத கதிர்வீச்சைத் தவிர்க்க முடிந்தால் அதுவும் சிகிச்சைதான். சந்தேகப் பிராணி கணக்கு போடும்போது மாத்திரையை மட்டும் எண்ணக் கூடாது.

ஆனால் இந்த மரபணுச் சோதனைக்கு என்னிடம் வரும் நோயாளிகளில் எத்தனை பேரால் காசு கட்ட முடியும் என்பதை இங்கே எழுத ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும்.

பிளாக்_ஸ்லைடு

எல்லோரும் மேலே வந்த தரவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கீழே, திசு வருகிற இடத்தில் இருப்பவன். பேத்தாலஜி லேப், இருபது வருஷமாக இதே வேலை. ஒரு திசு வங்கித் திட்டத்தில் வேலை செய்திருக்கிறேன், எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

நம் ஊர் மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்ததும் கட்டி ஃபார்மலின் டப்பாவில் விழும். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ மெழுகு பிளாக் ஆகும். நோயைக் கண்டுபிடிக்க அது அருமை, பத்து வருஷம் கழித்தும் வெட்டிப் பார்க்கலாம். ஆனால் ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும், சில எழுத்துகளையே மாற்றிக் காட்டும். ஆர்என்ஏ பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் டிசிஜிஏ உறைய வைத்த திசுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. அமெரிக்கத் திசு வங்கிகள் எங்களிடம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதில் ஏகப்பட்டது தேறவில்லை. முதலில் கட்டிச் செல்களின் அளவு 80 சதவீதம் இருக்க வேண்டும் என்றார்கள், கிடைக்காமல் 60க்கு இறங்கினார்கள்.

இங்கே நிலைமை என்ன? அறுத்த திசு சூடு ஆறுவதற்குள் தியேட்டர் வாசலில் ஒருவன் ஐஸ் பெட்டியோடு நிற்க வேண்டும். முதலில் பேத்தாலஜிஸ்ட் பார்த்து, விளிம்பைக் கெடுக்காமல், நோயாளிக்கு ரிப்போர்ட் கொடுக்கத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பட்டாணி அளவு வெட்டித் தருவார். அதைக் குட்டிக் குழாயில் போட்டு, நம்பர் ஒட்டி, திரவ நைட்ரஜனில் இறக்க வேண்டும். கூடவே ஊதா மூடிக் குழாயில் ரத்தம். அது இல்லாமல் கட்டி மட்டும் வந்தால் பாதி வேலைக்கு ஆகாது. ஆபரேஷன் மாலை ஏழு மணிக்கு முடிந்தால்? அந்தப் பையன் ஐந்து மணிக்கே கிளம்பியிருப்பான், ஒப்பந்த ஊழியர், சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை. வெள்ளிக்கிழமை நைட்ரஜன் வண்டி வராவிட்டால் திங்கட்கிழமைக்குள் கேன் வற்றியிருக்கும். இதெல்லாம் எந்தக் கட்டுரையிலும் வராது.

இன்னொன்று. நம் நோயாளிகள் முற்றிய பிறகு வருவார்கள். கட்டியைச் சுருக்க முதலிலேயே கீமோ கொடுத்துவிடுவார்கள். டிசிஜிஏ கேட்டது பெரும்பாலும் சிகிச்சை தொடாத முதல் கட்டி. அந்த விதியை இங்கே அப்படியே வைத்தால் பாதிப் பேர் கழிந்துபோவார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், மரபணு வரிசை படிக்கிற சீக்வென்சர் இயந்திரம் வாங்குவதற்குக் கிடைக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த வாசலில் நிற்கிற பையனுக்குக் கொடுங்கள்.

குறுந்தரவு

பிளாக்_ஸ்லைடு அண்ணே, இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தேன். நன்றி.

ரத்தம் எதற்கு என்று வாத்தியார் சாரின் மாணவிக்காக ஒரு வார்த்தை. கட்டியில் இருக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த ஆள் பிறக்கும்போதே கொண்டுவந்தவை, அவற்றுக்கும் புற்றுக்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தின் வரிசையைக் கட்டியின் வரிசையிலிருந்து கழித்தால்தான் கட்டிக்குள் புதிதாக வந்தது தெரியும். ரத்தம் இல்லாவிட்டால் பொதுத் தரவுத்தளங்களை வைத்துக் கழிப்பார்கள். அவற்றில் நம்மவர்கள் குறைவு என்பதால், நம் ஊர் ஒருவருக்குப் பரம்பரையாக வந்த சாதாரண மாற்றம் புற்று மாற்றம் போலவே தெரியும். ஆரோக்கியமான 10,000 இந்தியர்களின் ஜீனோமைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் வெளியானது, ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. அது புற்றுநோய் ஆய்வு இல்லைதான், ஆனாலும் இந்தக் கழித்தலுக்கு நேராக உதவும்.

ஜீனோம் குஞ்சு

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்கு டிசிஜிஏ இறக்கிக்கொண்டிருக்கிறேன். மாதிரி பெயர்களெல்லாம் டிசிஜிஏ-02-0001-01 என்று எண்ணாக இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு தடவை வருகிறார், 01 என்று ஒன்று, 10 என்று ஒன்று. எதை எடுப்பது?

குறுந்தரவு

02 என்பது திசு வந்த இடம், 0001 ஆள், கடைசி 01 முதல் கட்டி, 10 அவருடைய ரத்தம். 01 முதல் 09 வரை கட்டி வகையறா, 10 முதல் 19 வரை நல்ல திசு. இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். திசு வந்த இடத்தையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, முக்கியம். வெவ்வேறு மருத்துவமனைகளின் சாயமும் பதப்படுத்தும் விதமும் வேறு. ஸ்லைடு படத்தைக் காட்டிப் பழக்கிய கணினி நோயைக் கற்பதற்குப் பதிலாக எந்த மருத்துவமனை என்று கற்றுக்கொண்ட கதையெல்லாம் டிசிஜிஏவில் உண்டு.

வைகைக்கரை

நான் இந்தத் துறை இல்லை. அம்மாவுக்குப் போன வருஷம் மார்பகப் புற்று ஆபரேஷன். அன்று காலை ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், ஆராய்ச்சிக்குத் திசு என்று மட்டும் சொன்னார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். அம்மா ஆறாம் வகுப்பு. மயக்க ஊசிக்கான படிவமும் இதுவும் ஒரே அட்டையில் இருந்தது. அது எங்கே போயிற்று, அதிலிருந்து எனக்கும் தங்கைக்கும் வருமா என்று தெரியுமா, யாரிடம் கேட்பது?

ஓபிடி நாலாம் நம்பர்

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? நலமாக இருக்கட்டும்.

முதலில், கட்டிக்குள் வந்த மாற்றம் உங்களுக்கு வராது, அது கட்டியோடு பிறந்து கட்டியோடு போகும். பரம்பரையாக வருவது மொத்தப் புற்றுகளில் நூறில் ஐந்து முதல் பத்து. அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் வந்திருந்தாலோ, சித்தி, பாட்டி, அத்தை யாருக்காவது மார்பகமோ சினைப்பையோ வந்திருந்தாலோ, ‘ஜெனடிக் கவுன்சலிங் வேண்டும்’ என்று அம்மாவின் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அது ரத்தச் சோதனை, முதலில் அம்மாவுக்கு. ஆராய்ச்சிக்குக் கொடுத்த திசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் திசு பெயர் நீக்கி எண்ணாகத்தான் போயிருக்கும், டிசிஜிஏவிலும் தனி ஆளுக்கு முடிவு திரும்பிப் போகவில்லை.

அந்தப் படிவத்தின் நகல் கேட்பது உங்கள் உரிமை. எந்தத் திட்டம், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று அதில் இருக்க வேண்டும். இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். ஆபரேஷன் அன்று காலையில், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரிடம், மயக்க ஊசிப் படிவத்தோடு சேர்த்து வாங்கியது முறையே இல்லை. முந்தின நாள் தமிழில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது.

சந்தேகப் பிராணி

பார்த்தீர்களா, இதுதான் என் வயிற்றெரிச்சல். திசு கொடுத்த அம்மாவுக்குக் காகிதம் புரியவில்லை, தரவு யாருக்கோ போகிறது. குறைந்தபட்சம் அதை எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்களா?

குறுந்தரவு

திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம், கொஞ்சம் கசப்பானது. 2020இல் நேச்சரில் ஒரு கட்டுரை வந்தது. டிசிஜிஏ தரவுக்குள் பாக்டீரியா டிஎன்ஏ இருக்கிறது, அதை வைத்தே எந்தப் புற்று என்று சொல்லிவிடலாம் என்றார்கள். ஊரே கொண்டாடியது. 2023இல் வேறு குழு அதே தரவை எடுத்துத் திரும்பக் கணக்கு போட்டது. மனித டிஎன்ஏ துண்டுகளையே பாக்டீரியா என்று எண்ணியிருந்தது தெரிந்தது. 2024இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தரவு பூட்டிக் கிடந்திருந்தால் அந்தத் தப்பு இன்னும் பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும்.

முழுக்கத் திறக்கவும் முடியாது. பரம்பரை மாற்றங்களைப் பார்த்தால் ஆளையே அடையாளம் காணலாம் என்பதால் டிசிஜிஏவில் இரண்டு அடுக்கு. கட்டியின் மாற்றங்கள் எல்லோருக்கும், ஆளின் முழு வரிசை அனுமதி பெற்றவர்களுக்கு. ஐஐடி தளத்திலும் மார்பகப் புற்று மாற்றங்களைப் போய்ப் பார்க்கலாம். ஜீனோம் குஞ்சு, உங்கள் ப்ராஜெக்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன், வாத்தியார் சார் மாணவிக்கும் பதிலாகும்.

ஓபிடி நாலாம் நம்பர்

ஒப்பிடும்போது உயிர்வாழ்வு வரைபடம் மட்டும் போடாதே தம்பி. டிசிஜிஏவிலேயே மார்பகப் புற்றில் நோயாளியைப் பின்தொடர்ந்த காலம் போதவில்லை என்று 2018இல் அவர்களே எழுதினார்கள். நம் ஊரில் இன்னும் மோசம். மூன்றாவது செக்கப்புக்கு வராதவர் குணமாகி வேலைக்குப் போய்விட்டாரா, இறந்துவிட்டாரா என்று எங்களுக்கே தெரியாது. போன் நம்பர் மகனுடையது, மகன் திருப்பூருக்குப் போய் நம்பர் மாற்றியிருப்பான். இதைச் சரிசெய்யாமல் 480ஐ 4,800 ஆக்கினாலும் எந்த மாற்றம் யாரைக் கொல்கிறது என்று சொல்ல முடியாது.

பிளாக்_ஸ்லைடு

டாக்டர் சார் சொன்னதை வழிமொழிகிறேன். போன் போட்டு விசாரிக்கவும் ஒரு ஆள் வேண்டும், அதற்கும் திட்டத்தில் சம்பளம் ஒதுக்க மாட்டார்கள்.

ஈரோட்டு வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. ரத்தத்தைக் கழிக்கிற விஷயத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டப்போகிறேன். அந்தப் பெண்ணிடம் இருந்து அடுத்த கேள்வி இப்போதே எனக்குத் தெரியும்: “எல்லாக் கட்டியிலும் காரணம் கிடைத்துவிடுமா சார்?”

குறுந்தரவு

கிடைக்காது. 2020இல் ஐசிஜிசியும் டிசிஜிஏவும் சேர்ந்து 38 வகைகளில் 2,658 முழு ஜீனோம்களைப் படித்தார்கள். எக்ஸோம் இல்லை, முழுசு. சராசரியாக ஒரு கட்டிக்கு நாலைந்து ஓட்டுநர் மாற்றங்கள், அதாவது கட்டியை வளரத் தூண்டுகிறவை. ஆனால் நூறில் ஐந்து கட்டிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சந்தேகப் பிராணி

அந்த ஐந்து பேர் திசுவையும் எடுத்தவன் சரியாக உறைய வைத்தானா என்று முதலில் பிளாக்_ஸ்லைடு அண்ணனிடம் கேளுங்கள்.

பிளாக்_ஸ்லைடு

வெள்ளிக்கிழமை எடுத்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.